பிரமிடுகளைக் கட்டியது ஏலியன்களா? 4,500 ஆண்டுகள் பழைய டைரி சொல்லும் உண்மை என்ன?

"இதெல்லாம் மனுஷன் கட்டுன மாதிரியா இருக்கு?"

எகிப்தின் கிசா பிரமிடு பற்றிய வீடியோ எதைத் திறந்தாலும், கமென்ட் பகுதியில் இந்தக் கேள்வி கண்டிப்பாக இருக்கும். கிரேன் இல்லை, லாரி இல்லை, இரும்பு உளிகூட இல்லை. அப்படியிருக்க 146 மீட்டர் உயரத்துக்குக் கல்லை அடுக்கியது எப்படி? பதில் தெரியாத இடத்தில் ஏலியன் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இது வாட்ஸ்அப் ஃபார்வர்டோடு நிற்கும் கதையும் இல்லை. உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவரான எலான் மஸ்க், 2020 ஜூலை இறுதியில், பிரமிடுகளைக் கட்டியது ஏலியன்கள்தான் என்று ட்விட்டரில் பதிவிட்டார். அவர் கிண்டலாகச் சொன்னாரா, சீரியஸாகச் சொன்னாரா என்ற விவாதம் ஒருபுறம் நடக்க, எகிப்து அமைச்சர் ரானியா அல்-மஷாத் உடனே பதில் கொடுத்தார். எகிப்துக்கு நேரில் வந்து, பிரமிடு கட்டியவர்களின் கல்லறைகளைப் பாருங்கள் என்று அழைத்தார்.

அந்த அழைப்பில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பிரமிடைக் கட்டியவர்கள் யார் என்பது தீராத மர்மம் அல்ல. அவர்கள் வாழ்ந்த ஊர், சாப்பிட்ட உணவு, உடைந்து கூடிய எலும்புகள், அவர்களில் ஒருவர் எழுதிய டைரி வரை கிடைத்திருக்கிறது. அவை என்ன சொல்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

பெரிய பிரமிடு: சில எண்கள்

கிசாவில் உள்ள மூன்று முக்கியப் பிரமிடுகளில் மிகப் பெரியது குஃபு மன்னருடையது. கி.மு. 2560-ஐ ஒட்டிய காலத்தில் கட்டப்பட்டது. அடிப்பகுதியின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 230 மீட்டர். கட்டி முடித்தபோது உயரம் சுமார் 146 மீட்டர். அதன்பின் ஏறத்தாழ 3,800 ஆண்டுகள், உலகில் மனிதர் கட்டியதிலேயே உயரமான கட்டடம் இதுதான்.

இதில் சுமார் 23 லட்சம் கற்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஒரு கல்லின் சராசரி எடை சுமார் 2.5 டன். மன்னரின் அறைக்கு மேலே கிடத்தப்பட்டுள்ள கிரானைட் கற்கள் 25 முதல் 80 டன் வரை எடை கொண்டவை. இந்தக் கிரானைட், தெற்கே 800 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அஸ்வானிலிருந்து வந்தது.

கேட்டாலே மலைப்பாகத்தான் இருக்கும். ஏலியன் கதைக்கு மூலதனமே இந்த மலைப்புதான். 1968இல் சுவிஸ் எழுத்தாளர் எரிக் வான் டேனிகன் எழுதிய புத்தகம் இந்தக் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதன்பின் டிவி நிகழ்ச்சிகள், இப்போது ரீல்ஸ்.

செங்கடல் கரையில் கிடைத்த டைரி

2013ஆம் ஆண்டு. செங்கடலின் சூயஸ் வளைகுடா கரையில், வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர் பியர் டலே தலைமையிலான குழு அகழாய்வு செய்துகொண்டிருந்தது. அது குஃபு காலத்துத் துறைமுகம். பாறையைக் குடைந்து செய்த நீளமான அறைகளில் அந்தக் காலத்தில் படகுகளைப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்த அறைகளை அடைத்திருந்த பெருங்கற்களுக்கு இடையே பாப்பிரஸ் சுருள்களின் துண்டுகள் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழமையானவை இவை.

அதில் எழுதியிருந்தது மந்திரமும் இல்லை, மன்னர் புகழும் இல்லை. வேலைக் குறிப்பு! மெரர் என்ற மேற்பார்வையாளரின் லாக்புக் அது. சுமார் 40 பேர் கொண்ட குழுவை அவர் வழிநடத்தினார். நைல் நதியின் கிழக்குக் கரையில் உள்ள துரா கல்குவாரியில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றுவது, ஆற்றிலும் கால்வாயிலும் ஓட்டிவந்து கிசாவில் இறக்குவது, மறுபடி துராவுக்குத் திரும்புவது. இதுதான் அவர்கள் வேலை.

எந்த நாளில் எங்கே இருந்தோம், இரவு எங்கே தங்கினோம் என்று நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார் மெரர். பத்து நாளில் இரண்டு அல்லது மூன்று நடை போயிருக்கிறார்கள். கல் போய்ச் சேரும் இடத்தின் பெயரும் அதில் இருக்கிறது: 'அகெத் குஃபு', அதாவது 'குஃபுவின் அடிவானம்'. பெரிய பிரமிடுக்கு எகிப்தியர்கள் வைத்திருந்த பெயர் அது. மேலதிகாரி யார் என்பதும் இருக்கிறது: குஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அன்க்ஹாஃப்.

குஃபு ஆட்சியின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த இந்தக் குறிப்பில் வருவது, பிரமிடின் வெளிப்புறத்தில் பதித்த பளபளப்பான வெள்ளைக்கல். உள்ளே இருக்கும் பெரும்பாலான கற்களுக்கு இவ்வளவு தூரம்கூடப் போகத் தேவையிருக்கவில்லை. பிரமிடுக்குத் தெற்கே, நடந்து போகும் தூரத்திலேயே குவாரி இருந்தது. கல்லை வெட்டி எடுத்த பள்ளம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

கல்லை எப்படி வெட்டினார்கள்?

சுண்ணாம்புக்கல் ஒப்பீட்டளவில் மென்மையானது. செம்பு உளியும் மரச் சுத்தியலும் அதற்குப் போதும். உளி அடிக்கடி மழுங்கும். அப்போதெல்லாம் அதைத் தீட்ட வேண்டும். செம்பு எங்கிருந்து வந்தது? சினாய் பகுதியிலிருந்து. டைரி கிடைத்த அந்தச் செங்கடல் துறைமுகமே சினாய்க்குப் போய்வரும் வழிதான்.

கிரானைட்தான் சிக்கல். அதன்மேல் செம்பு உளி எடுபடாது. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது டோலரைட் என்ற கடினமான உருண்டைக் கல். அதைக் கையில் பிடித்து கிரானைட் மீது விடாமல் இடித்தால், பொடிப்பொடியாகத் தேயும். அறுப்பதற்கும் துளையிடுவதற்கும் செம்புக் கருவியோடு மணலைச் சேர்த்துத் தேய்த்தார்கள். இங்கே கல்லை அறுப்பது செம்பு இல்லை, மணல்தான். இன்றைய உப்புத்தாள் செய்யும் அதே வேலை.

இதற்கு அத்தாட்சி அஸ்வானில் படுத்துக் கிடக்கிறது. பிரமிடுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிந்தைய, சுமார் 42 மீட்டர் நீளமுள்ள கல்தூண் அது. எடை 1,000 டன்னுக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே விரிசல் விழுந்ததால், அப்படியே கைவிட்டுப் போய்விட்டார்கள். இடித்த தடங்கள் வரிசை வரிசையாக இன்றும் தெரிகின்றன. டோலரைட் உருண்டைகளும் அங்கேயே கிடைத்தன. லேசர் கொண்டு வெட்டியிருந்தால் இந்தத் தடங்களுக்கு வேலையே இல்லை.

2.5 டன் கல்லை இழுக்க எத்தனை பேர் வேண்டும்?

எகிப்தியர்களே இதைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். கி.மு. 1900 வாக்கில் வாழ்ந்த ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், சக்கரமில்லாத மரச் சறுக்குவண்டியின் மேல் ஒரு பிரம்மாண்ட சிலை இருக்கிறது. கயிறு பிடித்து 172 பேர் இழுக்கிறார்கள். சிலையின் எடை சுமார் 58 டன் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. சறுக்குவண்டியின் முன்னால் நிற்கும் ஒருவர், தரையில் தண்ணீர் ஊற்றுகிறார்.

அந்தத் தண்ணீர் ஏதோ சடங்கு என்றுதான் பலரும் நீண்ட காலம் நினைத்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். காய்ந்த மணலில் சறுக்குவண்டியை இழுத்தால் முன்னால் மணல் குவிந்து தடுக்கிறது. சரியான அளவு ஈரம் இருந்தால் மணல் இறுகி, இழுக்கத் தேவையான விசை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. அதிகம் ஊற்றினால் பலன் போய்விடும். ஆக, அந்த ஆள் சும்மா நிற்கவில்லை.

இப்போது நாமே ஒரு கணக்குப் போடலாம். 58 டன்னுக்கு 172 பேர் என்றால், சமதளத்தில் 2.5 டன் கல்லுக்கு ஏழெட்டுப் பேர். மேட்டில் ஏற்ற மூன்று மடங்கு ஆள் வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் சுமார் 25 பேர். தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவர்களுக்கு இது புரியும். ஒரே நேரத்தில் எல்லோரும் இழுத்தால், அசையவே அசையாது என்று நினைத்த எடையும் அசையும்.

மேலே ஏற்றியது எப்படி?

சரிவுப் பாதை அமைத்துத்தான். 2018இல் எகிப்தின் ஹட்னூப் அலபாஸ்டர் குவாரியில், குறைந்தது குஃபு காலத்தையாவது சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சரிவுப் பாதையை பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நடுவில் செங்குத்தான சரிவு. இருபுறமும் படிக்கட்டு. படிக்கட்டை ஒட்டி, மரத் தூண்கள் நட்ட குழிகள். தூணில் கயிற்றைச் சுற்றி, ஒரு பகுதியினர் மேலிருந்தும் இன்னொரு பகுதியினர் கீழிருந்தும் இழுத்திருக்கலாம் என்கிறார்கள்.

பெரிய பிரமிடில் அமைத்த பாதை நேராகப் போனதா, சுற்றிச் சுற்றி ஏறியதா, இரண்டும் கலந்ததா என்பதில் அறிஞர்களிடையே இன்னமும் விவாதம் நடக்கிறது. ஏலியன் ஆதரவாளர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான்: "பாத்தீங்களா, அவங்களுக்கே தெரியல!" ஆனால் விவாதம் எந்த வகைச் சரிவுப் பாதை என்பதில்தான். கட்டியது யார் என்பதில் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரமிடு மேலே போகப் போகச் சுருங்கும் வடிவம். கணக்குப் போட்டால், மொத்தக் கல்லில் பாதி முதல் 30 மீட்டர் உயரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. உச்சியில் உள்ள மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தேவைப்படுவது 4 சதவீதத்துக்கும் குறைவான கல்தான். கஷ்டமான உயரத்தில் வேலை குறைவு.

'இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல்' - இது சாத்தியமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. 23 லட்சம் கல்லை 23 ஆண்டில் வைக்க வேண்டும் என்றால், ஆண்டுக்கு ஒரு லட்சம். நாளைக்கு சுமார் 274. பத்து மணி நேர வேலை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று.

கேட்கும்போது முடியாத காரியம் போலத் தெரியும். ஒரே ஆள், ஒரே வரிசையில் நின்று வைப்பதாக நாம் கற்பனை செய்வதுதான் காரணம். 230 மீட்டர் அகலமுள்ள தளத்தில் ஒரே நேரத்தில் பல இடங்களில் வேலை நடக்கும்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் மார்க் லெஹ்னரும் கல் கொத்தர் ரோஜர் ஹாப்கின்ஸும், ஒரு டிவி நிகழ்ச்சிக்காக கிசா அருகே சிறிய பிரமிடு ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள். 12 பேர் 22 நாளில் 186 கற்களை வெட்டி எடுத்தார்கள். அவர்களிடம் இரும்புக் கருவி இருந்தது உண்மை. சரி, செம்புக் கருவிக்கு மூன்று மடங்கு ஆள் தேவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாளைக்கு 274 கல் வெட்ட சுமார் 1,200 பேர் போதும். ஒரு நாட்டையே ஆண்ட அரசுக்கு இது பெரிய எண்ணிக்கை இல்லை.

கட்டியவர்கள் அடிமைகளா?

ஏலியன் இல்லை என்றால் சாட்டையடி வாங்கிய அடிமைகள். சினிமாக்கள் நமக்குக் காட்டிய படம் இது. ஒரு லட்சம் பேர் முறை வைத்து வேலை செய்தார்கள் என்று எழுதியவர், கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அவர் வாழ்ந்ததே பிரமிடு கட்டி 2,000 ஆண்டுகளுக்குப் பிறகு. இன்றைய மதிப்பீடுகள் சுமார் 20,000 பேர் என்ற அளவில்தான் இருக்கின்றன.

கிசாவுக்குத் தெற்கே லெஹ்னர் குழு அகழ்ந்தெடுத்த இடத்தில் ஒரு முழு ஊரே வெளிவந்தது. தெருக்கள், நீளமான தங்குமிடங்கள், ரொட்டி சுடும் கூடங்கள், குவியல் குவியலாக மாடு, ஆடு, செம்மறி ஆட்டு எலும்புகள். வேலையாட்களுக்கு ரொட்டியும் பீரும் மட்டுமல்ல, இறைச்சியும் கிடைத்தது.

1990இல் குதிரை ஒன்று மண் செங்கல் சுவரில் கால் இடற, அங்கே தொழிலாளர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. எகிப்தியத் தொல்லியல் அறிஞர் சாஹி ஹவாஸ் குழு அவற்றை ஆய்வு செய்தது. எலும்புக்கூடுகளில், கனத்தைச் சுமந்து தேய்ந்துபோன முதுகெலும்புகள் இருந்தன. உடைந்த கை, கால் எலும்புகள் கட்டுப்போட்டு நேராகக் கூடியிருந்தன. அதாவது, அடிபட்டவருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். இறந்த பிறகு மன்னரின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அதற்காக அது சொகுசான வேலை என்று சொல்லிவிட முடியாது. அரசு கூப்பிட்டால் போயாக வேண்டும் என்ற கட்டாய உழைப்பு அதில் இருந்தது. தேய்ந்த எலும்புகள் பொய் சொல்லாது. ஆனால் அவர்கள் பெயரில்லாத கூட்டமாக இருக்கவில்லை. மன்னர் அறைக்கு மேலே அடைபட்டுக் கிடந்த சிறு அறைகளின் கற்களில், 'குஃபுவின் நண்பர்கள்' போன்ற குழுப் பெயர்களைச் சிவப்புச் சாயத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1837இல் வெடிமருந்து வைத்து அந்த அறைகளைத் திறந்த பிரிட்டிஷ்காரர் எழுதிய போலி அது என்று ஒரு கதையும் உண்டு. அந்த எழுத்துகளில் சில, இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் போய் மறைகின்றன. கல்லை அடுக்கிய பிறகு அங்கே தூரிகையை நுழைக்க முடியாது.

ஒளியின் வேகம் பிரமிடில் ஒளிந்திருக்கிறதா?

தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும் ஃபார்வர்டு இது. ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். பெரிய பிரமிடு இருக்கும் அட்சரேகை 29.9792458 டிகிரி. "இது தற்செயலா?" என்று முடியும்.

ஆமாம், தற்செயல்தான். மீட்டர் என்ற அளவே 1790களில் பிரான்ஸில் உருவானது. பிரமிடு கட்டியவர்கள் அளந்தது முழக்கணக்கில். அட்சரேகையில் ஏழாவது தசம இடம் என்பது சுமார் ஒரு சென்டிமீட்டர். பிரமிடோ 230 மீட்டர் அகலம். ஆகவே 29.978 முதல் 29.980 வரை உள்ள எந்த எண்ணைச் சொன்னாலும் அது பிரமிடின் மேல்தான் விழும். அதில் பிடித்த எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஆச்சரியப்படுகிறோம்.

2025 மார்ச்சில் இன்னொரு கதை வைரலானது. காஃப்ரே பிரமிடுக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழத்துக்குத் தூண்கள் இருப்பதை ரேடார் மூலம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ரேடார் அலைகளால் பாறைக்குள் அவ்வளவு ஆழம் ஊடுருவ முடியாது என்று நிபுணர்கள் மறுத்தார்கள். ஆனால் மறுப்பு வைரலாகவில்லை. அதேநேரம், 2023இல் பெரிய பிரமிடின் வடக்கு முகத்துக்குப் பின்னால் 9 மீட்டர் நீளமுள்ள ஒரு வழியை, மியூவான் துகள்களைக் கொண்டு நிஜமாகவே கண்டுபிடித்தார்கள்.

தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டவர்கள்

ஏலியன் கதைக்கு எதிரான வலுவான சாட்சி, எகிப்தியர்கள் செய்த தவறுகள்.

முதலில் தட்டையான செங்கல் கல்லறைகள். பிறகு கி.மு. 2650 வாக்கில், ஜோசர் மன்னருக்காக சக்காராவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய படிப் பிரமிடு. அடுத்து, குஃபுவின் தந்தை ஸ்னெஃபெரு காலத்தில் வழவழப்பான பிரமிடு கட்டும் முயற்சி. மெய்தூமில் வெளிப்பகுதி சரிந்தது. தாஷூரில் சுமார் 54 டிகிரி சாய்வில் தொடங்கி, பாரம் தாங்காத அறிகுறி தெரிந்ததும் பாதியில் சுமார் 43 டிகிரிக்கு மாற்றினார்கள். அதனால்தான் அது நடுவில் மடங்கியதுபோல் நிற்கிறது. 'வளைந்த பிரமிடு' என்று அதற்குப் பெயர். அடுத்ததைத் தொடக்கத்திலிருந்தே சுமார் 43 டிகிரியில் கட்டினார்கள். அது நின்றது. அதற்கடுத்த தலைமுறையில்தான் கிசா.

நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் வரத் தெரிந்தவர்கள், ஒரு கல் கூம்பின் சாய்வில் கோட்டை விட்டிருப்பார்களா?

இந்தக் கதையால் யாருக்கு என்ன நஷ்டம்?

"ஜாலிக்காகப் பார்க்கிறோம், இதில் என்ன?" என்று கேட்கலாம். ஆனால் இந்தச் சந்தேகம் எல்லா நாட்டுக் கட்டடங்கள் மீதும் ஒரே மாதிரி வருவதில்லை. ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலைப் பார்த்து யாரும் பெரிதாக ஏலியன் என்று சொல்வதில்லை. எகிப்து, பெரு, ஈஸ்டர் தீவு என்றால் உடனே வந்துவிடுகிறது.

ஆப்பிரிக்காவின் கிரேட் ஜிம்பாப்வே கல்நகரத்துக்கு இதுவே நடந்தது. கறுப்பின மக்கள் இதைக் கட்டியிருக்க மாட்டார்கள் என்று காலனி ஆட்சியாளர்கள் அடித்துச் சொன்னார்கள். அங்கே ஏலியனுக்குப் பதில், வெளியிலிருந்து வந்த வேற்று இனத்தவரைக் காரணம் காட்டினார்கள். கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று 1905இல் ராண்டால்-மெக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் நடத்திய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் அந்தப் பொய் பல பத்தாண்டுகள் ஓடியது. உங்கள் முன்னோரால் இது முடிந்திருக்காது என்று சொல்வது, உங்களுக்கு இந்த மண்ணில் உரிமை இல்லை என்று சொல்வதற்கு உதவியது.

ரானியா அல்-மஷாத் மஸ்க்கைக் கல்லறைகளைப் பார்க்க அழைத்ததன் பொருளும் இதுதான். அங்கே படுத்திருப்பவர்கள் முதுகு தேயக் கல் இழுத்தவர்கள். மெரரின் பாப்பிரஸ் துண்டுகள் 2016இல் கெய்ரோவில் உள்ள எகிப்திய அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. 40 பேரோடு ஆற்றில் கல் கடத்தி, எந்த இரவு எங்கே தங்கினோம் என்பதுவரை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அவர். பிரமிடைக் கட்டியது யார் என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பதிவைக் காட்டினால் போதும்.